வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வாதம் என்று ஒன்று கிளம்பினால், அதில் நான் இல்லாமல் இருந்ததில்லை. மேடவாக்கத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் தண்ணீர் லாரி எப்போது வரலாம் என்பதில் தொடங்கியது. தெருநாய்க்குச் சோறு வைக்கலாமா, தடுப்பூசி போடாதவர்களைக் கீழே நடக்கும் பொங்கல் விழாவுக்கு விடலாமா என்று எல்லாவற்றிலும் எனக்கு ஒரு கருத்து இருந்தது. அதைக் கோபப்படாமல், கோர்வையாக எழுதவும் தெரிந்திருந்தது. எங்கள் பகுதிக்கென்று இருக்கும் முகநூல் பக்கத்திலும் அப்படித்தான். உடம்பு சரியில்லாதவர்களை ஆபீசுக்கு வரச் சொல்லும் மேனேஜர்களைப் பற்றி ஒருமுறை எழுதினேன். ஓ.எம்.ஆரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எனக்கு முகம் தெரியாதவர்கள்கூட அதைப் பகிர்ந்திருந்தார்கள்.

நான் அதிகம் பெருமைப்பட்டது லிஃப்ட் விஷயத்தில். வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். நான் குழுவில் நீளமாக ஒரு பதிவு போட்டேன். சிலர் முறைத்தார்கள், சிலர் ஆமோதித்தார்கள், கடைசியில் செயலாளரே வந்து தாளைக் கிழித்தார். மறுநாள் காலை நான் கதவைத் திறந்ததும் எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"சார், நீங்கதான் எங்களுக்காக எழுதுனீங்களாமே? மூணாவது மாடி மேடம் சொல்லிக்கினு இருந்தாங்க."

"சும்மா நாலு வரிக்கா" என்றேன். அன்று முழுவதும் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பெரும்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். எங்கள் வீட்டைத் தவிர, இதே குடியிருப்பில் இன்னும் மூன்று வீடுகளில் சமைத்தார். என் மனைவி தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவள் காலையிலேயே கிளம்பிவிடுவதால், நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் வீட்டில் நானும் அக்காவும்தான் இருப்போம். சமையலறையை ஒட்டின மாதிரி இருக்கும் சாப்பாட்டு மேசையில்தான் என் லேப்டாப். நான் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பேன். அக்கா சத்தம் வராமல் பாத்திரத்தை எடுத்து வைப்பார்.

ஒரு மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்தது. மழையால்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் இருமினேன். சட்டை தொளதொளவென்று ஆனது. சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுடும். அக்கா தினமும் இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிப் போவதற்காகப் பக்கத்திலேயே நிற்பார்.

"இன்னா சார் இது, நெஞ்சக் கிழிக்கிற மாதிரி இருமுறீங்க. டாக்டராண்ட போங்க சார்."

போனேன். மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் முடிந்து, டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே டிபி என்று சொன்னார். ஆறு மாதம் மாத்திரை, சரியாகச் சாப்பிட்டால் முழுசாகக் குணமாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். எனக்கு இதெல்லாம் தெரியும். காசநோய் காற்றில் பரவுவது, யாருக்கும் வரக்கூடியது, அதற்காக யாரையும் ஒதுக்கக் கூடாது என்று நானே ஒருமுறை முகநூலில் யாரிடமோ வாதாடியிருக்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் நின்ற நர்சுக்குக் கேட்டிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து தாம்பரம் சானடோரியம் என்பது எனக்கு ரயில் நிற்கும் ஒரு ஸ்டேஷனின் பெயர். அது காசநோயாளிகளுக்கான ஆஸ்பத்திரியின் பெயர் என்பதை அன்றுதான் முதல்முறையாக நினைத்தேன்.

யாருக்கும் சொல்லக் கூடாது என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஏங்க, இதுல மறைக்க என்ன இருக்கு? நான் பசங்களுக்குப் பாடமே நடத்துறேன்."

"பாடம் வேற. இங்க லிஃப்ட்ல எவனும் என்கூட ஏறமாட்டான். ப்ளீஸ்."

என் முகத்தைப் பார்த்து அவள் விட்டுவிட்டாள். ஆபீசில் நிமோனியா என்று சொன்னேன். சர்ச்சில் கேட்டவர்களுக்கு அலர்ஜி. மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ஆபீஸ் கழிப்பறையில் பக்கத்தில் யாராவது நின்றால் காத்திருந்து கதவுள்ள அறைக்குள் போவேன். காலி மாத்திரை அட்டைகளைப் பேப்பரில் சுற்றி, ஆபீசுக்குப் போகும் வழியில் ஏதாவதொரு தொட்டியில் போடுவேன். எங்கள் வீட்டுக் குப்பையை எடுத்துப் போவது அக்கா.

டிபி என்று தெரிந்தால் தனியார் ஆஸ்பத்திரியும் அரசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அப்படித்தான் சுகாதாரப் பணியாளர் ஒரு பெண் எனக்குப் போன் செய்தார். வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வேண்டாம் என்று கெஞ்சி, மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை ஓரமாக அவரைச் சந்தித்தேன். வெயிலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க சார்?"

"நானும் என் ஒய்ஃபும்தான்."

"அவங்களுக்கு எக்ஸ்ரே எடுத்துடலாம், தடுப்பு மாத்திரையும் கொடுப்போம். அடிக்கடி வர்றவங்க யாராச்சும் உண்டா? வீட்டு வேலைக்கு, சமையலுக்கு?"

அவர் அதை இவ்வளவு நேரடியாகக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா பெயரைச் சொன்னால் இவர் அக்காவைத் தேடிப் போவார். எதற்கு என்று அக்கா கேட்பார். அக்கா சமைக்கும் மற்ற மூன்று வீடுகளுக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது.

"இல்லம்மா. வீட்டுக்கு வேற யாரும் வர்றதில்ல" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அன்று மாலை மனைவி கேட்டாள். "அக்காவுக்கும் எக்ஸ்ரே எடுக்கணும்னு சொன்னாங்களா?"

"சொல்லிருக்கேன். அவங்க பாத்துக்குவாங்க."

நான் ஓய்வில் இருப்பதால் எனக்கான பத்தியச் சமையலைத் தானே செய்துகொள்வதாகச் சொல்லி, மனைவி அக்காவைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றாள். என்னிடமிருந்து பரவ வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு அக்கா திரும்ப வந்தார். நான் தேறிக்கொண்டு வந்தேன். சட்டை பழையபடி பொருந்த ஆரம்பித்தது. குழுவில் மறுபடியும் எழுதத் தொடங்கினேன்.

சித்திரை வெயில் தொடங்கியபோது அக்கா இளைத்திருந்தார். அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமுவது மேசையில் இருந்த எனக்குக் கேட்டது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது. டாக்டரிடம் போகச் சொல்லி எனக்கு அவர் சொன்ன வார்த்தையை நான் அவருக்குத் திருப்பிச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பேச்சு எங்கே போகும் என்ற பயம். என் மனைவிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்துப் பேசி, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். அதன்பிறகு அக்கா எந்த வீட்டுக்கும் வரவில்லை. போன் செய்தால், காய்ச்சல், ஊசி போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் நான் ஆபீசில் இருந்தபோது குழுவில் ஒரு செய்தி வந்தது. மூன்றாவது மாடியில் இருப்பவர் போட்டிருந்தார். "நம்ம பிளாக்கில் சமையல் வேலை செய்யும் அம்மாவுக்கு டிபி. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் வரிசையில் பார்த்திருக்கிறார்கள். நாலு வீட்டில் சமைக்கிறார். இதை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறார்."

பிறகு மளமளவென்று வந்தன.

"குழந்தைங்க இருக்கிற வீடு. எவ்வளவு ஆபத்து."

"இனிமேல் வேலைக்கு வரும் எல்லாருக்கும் மெடிக்கல் சர்டிபிகேட் கட்டாயம் ஆக்கணும்."

"அவங்க இருக்கிற ஏரியாவே அப்படி. எத்தனை வீட்டுக்குக் கொடுத்துட்டுப் போனாங்களோ."

"கேட்டில் சொல்லிவிடுங்கள். உள்ளே விடக் கூடாது."

நடுநடுவே ஓரிருவர், டிபி குணமாகக் கூடியதுதான், இப்படிப் பேசாதீர்கள் என்றார்கள். அவர்களை மற்றவர்கள் மடக்கினார்கள். அப்போது செயலாளர் என் பெயரை இழுத்தார். "சார், இந்த மாதிரி விஷயத்தில் நீங்கதான் தெளிவாச் சொல்வீங்க. உங்க வீட்டிலும் அவங்கதானே? என்ன செய்யலாம்?"

நான் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். கடைசியில் போட்டது இதுதான்: "உணர்ச்சிவசப்படாமல் இருப்போம். மருத்துவரீதியான தெளிவு கிடைக்கும்வரை அவர் ஓய்வெடுப்பது எல்லாருக்கும் நல்லது."

கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

உணவு இடைவேளையில் மனைவி அழைத்தாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"குரூப்ல பாத்தேன். ஒண்ணு கேக்கணும். அந்த ஹெல்த் அம்மாகிட்ட அக்கா பேர சொன்னேன்னு சொன்னீங்கல்ல?"

நான் போனோடு எழுந்து வராண்டாவுக்கு வந்தேன்.

"சொன்னீங்களா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப அவங்கள டெஸ்ட் எடுக்கச் சொல்லி யாருமே வரல."

"நீ கொஞ்சம் பொறு. நான் வீட்டுக்கு வந்து..."

அவள் வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் குழுவில் அவள் செய்தி வந்தது. அவள் அதில் எழுதுகிறவளே இல்லை.

"அக்கா எதையும் மறைக்கவில்லை. என் கணவருக்குப் போன மழைக்காலத்திலேயே டிபி இருந்தது. அவர் இருமிக்கொண்டிருந்த நாட்களில் அக்கா எங்கள் சமையலறையில்தான் நின்றார். அவரைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியது நாங்கள். அனுப்பவில்லை. கேட்டில் யாரையாவது நிறுத்த வேண்டும் என்றால் எங்களை நிறுத்துங்கள்."

முதலில் வந்தது கோபம்தான். 'டெலீட் பண்ணு' என்று அவளுக்குத் தனியாக அனுப்பினேன். பதில் இல்லை. குழுவில் ஒருவர் பின் ஒருவராகப் படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. யாரும் எதுவும் எழுதவில்லை. அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தபோதுதான், அவள் 'நாங்கள்' என்று எழுதியிருந்தது உறைத்தது. பொய் சொன்னது நான். அதை அவள் தன் தலையிலும் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பும்போது லிஃப்டைத் தவிர்த்துப் படியேறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர், கையில் பால் பாக்கெட்டோடு இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் சுவரோரமாக ஒதுங்கினார். உடனே, ஒதுங்கியதற்காக வெட்கப்பட்டவர் போலச் சிரித்து, "இப்ப எப்படி சார் இருக்கு உடம்பு?" என்றார். நன்றாக இருக்கிறேன் என்றேன். இருவருக்குமே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மனைவி ஹாலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பித்தேன். என்னைக் கேட்காமல் எப்படிப் போடலாம், இனி இந்த வீட்டில் எப்படி இருப்பது, ஆபீசுக்குத் தெரிந்தால் என்ன ஆகும். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போலாம். நீங்களும் வரணும்."

"என்னன்னு சொல்றது?"

"எனக்குத் தெரியல. நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே."

அதைக் குத்தலாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை போனோம். பெரும்பாக்கத்தில் அடுக்கடுக்காக நிற்கும் வீடுகளில் மேல் மாடி ஒன்றில் அக்கா இருந்தார். அவர் மகள்தான் கதவைத் திறந்தாள். இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை. அக்கா துணியால் வாயை மூடிக்கொண்டு ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. மனைவி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"பாத்தேன் டீச்சர்" என்றார் அக்கா. "நீங்க போட்டத மூணாவது மாடியில வேல செய்யிற பொண்ணு போன்ல காமிச்சா."

நான் தயார் செய்துகொண்டு போயிருந்த எதுவும் வாயில் வரவில்லை. "மன்னிச்சுருங்கக்கா. எனக்கு பயம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா பயம் சார்? எனக்குச் சொல்லிருந்தா நான் ஊருக்கா தண்டோரா போட்டிருப்பேன்? உங்க வூட்ல நான் எத்த வெளியில சொல்லிருக்கேன்?"

அக்கா வாயை மூடியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டார்.

"இது எங்கேந்து வந்துச்சுன்னு தெரியாம நான் பைத்தியம் புடிச்ச மாதிரி கெடந்தேன் சார். என் மாப்ள ஆட்டோ ஓட்றவரு. எப்பவும் இருமிக்கினே இருப்பாரு. அவருதான் கொண்டாந்து ஒட்ட வெச்சாருன்னு நெனச்சுக்கினு, கன்னாபின்னான்னு பேசி, வூட்ட வுட்டே போகச் சொல்லிட்டேன். எம் பொண்ணு என்னோட பேசுறதில்ல. அந்தாளு டெஸ்ட் எடுத்துக்கினாரு. ஒண்ணியும் இல்ல. அப்புறமும் திரும்பி வரல. ரோசம் வராதா சார் அவருக்கு?"

வாசல் பக்கம் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தப் புள்ள என் பக்கத்துலதான் படுத்துக்கினு இருந்துச்சு. அதுக்கும் இப்பதான் மாத்திர குடுக்குறாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா தள்ளிப் படுத்திருப்பேன்ல?"

மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. கிளம்பும்போது அக்கா "பாத்துப் போங்க டீச்சர்" என்றார்.

படியிறங்கியதும், டீக்கடையில் சந்தித்த சுகாதாரப் பணியாளருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "அப்பவே சொல்லிருக்கலாம் சார்" என்றார். பிறகு, என்மேல் இரக்கப்பட்டோ என்னவோ, "யாருகிட்டருந்து யாருக்கு வந்துச்சுன்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதி வந்ததுதான், இந்த விஷயம் முழுவதிலும் என்னை அதிகம் கூசவைப்பது. ஒருவேளை நான் இல்லையோ என்று அந்த இடத்திலும் மனசு எனக்காக வாதாட ஆரம்பித்திருந்தது.

அக்காவின் மருமகனைத் தேடிப் போய்ப் பார்த்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் வண்டிக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் யார், ஏன் வந்தேன் என்று சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"அவங்க என்னைத் திட்டுறப்ப தெருவே நின்னு வேடிக்க பாத்துச்சு சார். நீங்க இங்க ஓரமா வந்து காதுல சொல்றீங்க" என்றார்.

அவரை என்னோடு வரச் சொல்லி, அன்றே மாமியார் வீட்டு வாசலில், அக்கம்பக்கத்தார் நாலு பேர் கேட்கும்படி அதே விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போகவில்லை. ஆனால் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்தார். ஒரு வாரத்தில் வீட்டுக்குத் திரும்பினார் என்று என் மனைவி சொன்னாள்.

குழுவில் நானும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். காசநோய் எப்படிப் பரவுகிறது, நோயை ஒளிக்கவைக்கும் சமூகம், வேலைக்கு வருபவர்கள்மேல் மட்டும் விழும் பழி என்று நன்றாகவே வந்தது. அனுப்புவதற்கு முன் மனைவியிடம் காட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா நீங்க என்ன செஞ்சீங்கன்னு எங்கயுமே இல்லையே."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எனக்கு நோய் இருந்தது, அக்கா எங்கள் வீட்டுக்கு வருவதைச் சுகாதாரத் துறையிடம் மறைத்தேன், அவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அதற்கு யாரும் கட்டைவிரல் போடவில்லை. மூன்றாவது மாடிக்காரர் மட்டும் தனியாக, "சாரி சார், நாங்களும் அவசரப்பட்டுட்டோம்" என்று அனுப்பினார். அதை அக்காவிடம் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். சொன்னாரா தெரியாது. மறுநாள் குழுவில் மோட்டார் ரிப்பேர் பற்றிப் பேச்சு வந்து, எல்லாம் அதன்கீழே போய்விட்டது. அதன்பிறகு யாரும் எந்த விவாதத்துக்கும் என்னை இழுத்ததில்லை. நானாகவும் போகவில்லை.

அக்கா முழுசாகக் குணமானார். பழைய வீடுகளில் ஒன்று அவரைத் திரும்பக் கூப்பிட்டது, போகவில்லை. பள்ளிக்கரணைப் பக்கம் வேறு வீடுகள் பிடித்துக்கொண்டார். மனைவியோடு மட்டும் போனில் பேசுவார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கூப்பிடும் தைரியம் எங்களுக்கும் இல்லை.

போன மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். பழைய மிக்சி ஜார் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து பேரம் பேசிக்கொண்டிருந்தார். முகம் நன்றாகத் தேறியிருந்தது. பேத்தி அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நகர்ந்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"டீச்சர் நல்லா கீறாங்களா?" என்றார்.

"நல்லா இருக்காக்கா. ஸ்கூல் போயிருக்கா."

"கேட்டேன்னு சொல்லுங்க."

என் உடம்பைப் பற்றிக் கேட்பார் என்று ஒரு கணம் காத்திருந்தேன். அவர் கடைக்காரரிடம் திரும்பி, "மூடி இல்லாம இத்த வெச்சு நான் இன்னா பண்றது?" என்று பேரத்தைத் தொடர்ந்தார். பின்னால் வந்த கூட்டம் இடித்தது. நான் வழிவிட்டு நகர்ந்தேன்.